வைட்டமின் ஈ: முதல்ல தட்டுல, மூஞ்சில கடைசியா

பெரம்பூர்ல எங்க அப்பா வச்சிருக்கிற மெடிக்கல் ஷாப்ல பதினோரு வருஷமா கவுன்டர்ல உக்கார்றேன், பார்மசி படிச்சு முடிச்ச கையோட வந்து உக்காந்தவ. பேரு கூட சொல்லாம ஜனங்க வாங்கிட்டுப் போற ஐட்டம் ஒண்ணு இருக்குன்னா அது இந்தப் பச்சை வைட்டமின் ஈ கேப்சூல்தான். "அக்கா, அந்தப் பச்சை மாத்திரை ஒரு ஸ்ட்ரிப், அப்படியே கத்தாழை ஜெல் ஒண்ணு"ன்னு காலேஜ் பொண்ணுங்க வந்து நிப்பாங்க. சாப்பிடவா தடவவான்னு கேப்பேன். முக்காவாசிப் பேரு மூஞ்சிக்குத்தான்க்கான்னு சொல்லிட்டு, அதையே நைட்டு ஒண்ணு முழுங்கவும் செய்யலாமான்னு சேர்த்துக் கேப்பாங்க.

பின்னாடி நாலு பேரு பிபி மாத்திரைக்கு நிக்கும்போது இதுக்கு முழுசா பதில் சொல்ல முடியாது. அதான் ஒரு தடவை உக்காந்து எழுதிடலாம்னு. நான் சொல்ற வரிசை என்னன்னா முதல்ல சாப்பாடு, அப்புறம் (தேவைப்பட்டா மட்டும், டாக்டர் சொன்னா மட்டும்) கேப்சூல், மூஞ்சில தடவுறது எல்லாத்துக்கும் கடைசி. விக்கிறவளே இப்படி சொல்றாளேன்னு அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இது உடம்புல என்ன வேலை பண்ணுதுன்னு புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் ஈசி. பழைய வேர்க்கடலையை வாயில போட்டா ஒரு சிக்கு வாடை அடிக்கும்ல, எண்ணெயில காத்து பட்டு ஆக்ஸிஜன் அதைக் கெடுத்ததால வர்ற வாடை அது. விதைக்குள்ள இருக்கிற எண்ணெய் அப்படிக் கெட்டுப்போகாம இருக்கத்தான் செடியே வைட்டமின் ஈயை உண்டாக்கி உள்ள வச்சிருக்கு. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஒரு மெல்லிசான கொழுப்புச் சவ்வு இருக்கு, அதுவும் இதே மாதிரி கெடக்கூடியது. வெயில், புகை, உடம்புக்குள்ள நடக்கிற சாதாரண எரிப்பு, இதெல்லாத்துலயும் வர்ற ப்ரீ ராடிக்கல் (நிலையில்லாம அலையுற மூலக்கூறு) ஒரு கொழுப்பைக் கெடுத்தா அது பக்கத்துல இருக்கிறதைக் கெடுக்கும், அது அதுக்கும் பக்கத்துல இருக்கிறதை, இப்படியே சங்கிலியா போகும். வைட்டமின் ஈ நடுவுல போய் நின்னு அந்தச் சங்கிலியை அறுத்துடும். அறுக்கும்போது அதுவே தேஞ்சிடும், அப்போ வைட்டமின் சி வந்து அதைத் திரும்ப எழுப்பி விடும். அதனாலதான் ரெண்டையும் ஜோடியா சொல்றாங்க.

கண்டுபிடிச்ச கதையும் சாப்பாட்டுக் கதைதான். 1922ல கலிஃபோர்னியாவுல ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்ரின் பிஷப்னு ரெண்டு பேரு எலிகளுக்குப் பன்னிக் கொழுப்பு சேர்த்த ஒரு தீனி போட்டுப் பாத்தாங்க, எலி நல்லாத்தான் வளந்துச்சு ஆனா வயித்துல குட்டி தங்கல. லெட்டூஸ் இலை குடுத்ததும் சரியாச்சு, அப்புறம் கோதுமை முளைல அதே சத்து இன்னும் அதிகமா இருக்கிறதைப் பாத்தாங்க. வைட்டமின் ஈக்கு இருக்கிற டோகோபெரால்ங்கிற ரசாயனப் பேரே கிரேக்கத்துல பிரசவம்ங்கிற வார்த்தையில இருந்து வந்ததுதான். இதை வச்சு இன்னிக்கும் குழந்தைக்கு ட்ரை பண்றவங்க தானா வந்து இதை வாங்கிட்டுப் போறாங்க. எலிக்கு நடந்ததைப் பாத்து நீங்களா ஆரம்பிக்காதீங்க, உங்களுக்கு வேணும்னா டாக்டரே எழுதித் தருவாங்க. கர்ப்ப காலத்துல பிபி ஏறாம இருக்க சி, ஈ ரெண்டையும் அதிக டோஸ்ல குடுத்துப் பாத்தும் பிரயோஜனம் இல்லைன்னு ஆராய்ச்சியில தெரிஞ்சு போச்சு, உலக சுகாதார நிறுவனமும் அதுக்காகக் குடுக்க வேணாம்னுதான் சொல்லுது.

சரி, ஒரு நாளைக்கு எவ்ளோ வேணும்? அமெரிக்கக் கணக்குல பெரியவங்களுக்கு 15 மி.கி., பால் குடுக்கிற அம்மாவுக்கு 19. நம்ம ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு 7.5ல இருந்து 10 மி.கி.க்குள்ள. எதை எடுத்தாலும் சின்ன அளவுதான், நம்ம வீட்டு சமையல்லயே ஓரளவு வந்துடும், எந்த எண்ணெய், எந்தக் கடலைன்னு கொஞ்சம் பாத்து வாங்கணும் அவ்ளோதான்.

எண்ணெய்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா சென்னை வீட்டுல வைட்டமின் ஈ முக்கியமா வர்ற வழி அதான். சன்பிளவர் ஆயில் ஒரு டேபிள் ஸ்பூன்ல 5.6 மி.கி. இருக்கு, நம்ம கடையில சுலபமா கிடைக்கிறதுல அதுதான் ஜாஸ்தி. தவிட்டு எண்ணெய்ல, அதான் ரைஸ் பிரான்னு விக்கிறாங்களே அதுல, 4 மி.கி. பக்கம் வரும், கூடவே டோகோட்ரையினால்னு இன்னொரு வகையும் இருக்கு. கடலை எண்ணெய்ல 2 மி.கி. போல. ரேஷன் பாமாயிலை எல்லாரும் கேவலமா பேசுவாங்க, ஆனா அதுலயும் கிட்டத்தட்ட அவ்ளோ இருக்கு. அதோட பிரச்சினை வேற, சாச்சுரேட்டட் கொழுப்பு அதிகம். இதுல எல்லாரும் ஏமாந்து போறது தேங்காய் எண்ணெய்ல. அதுல வைட்டமின் ஈ கிட்டத்தட்ட இல்லவே இல்லை! தேங்காய் எண்ணெய் மட்டும்தான் சமையலுக்குன்னு வைராக்கியமா இருக்கிற வீட்டுல கடலை, கீரையை வச்சுத்தான் சரிக்கட்டணும். நல்லெண்ணெய் இன்னொரு மாதிரி. டோகோபெரால்ல ஆல்பா, காமான்னு வகைங்க இருக்கு, அதுல காமாதான் இதுல நிறைய, ஆல்பா கம்மி, நம்ம கல்லீரல் ஆல்பாவைத்தான் பொறுக்கி ரத்தத்துக்கு அனுப்பும். நல்லெண்ணெய் மாசக்கணக்கா சிக்கு அடிக்காம இருக்குதே, அதுக்குப் பெரிய காரணம் எள்ளுல இருக்கிற வேற பொருளுங்க. அதனால நல்லெண்ணெயை விட்டுடாதீங்க, ஆனா வைட்டமின் ஈக்காக ஊத்துறேன்னு சொல்லிக்காதீங்க. எங்க வீட்டுல தாளிக்க கடலை எண்ணெய், பொரியலுக்கு சன்பிளவர், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், மாத்தி மாத்தி ஓடும்.

ஒரு தப்பு மட்டும் பண்ணாதீங்க. வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வச்சு மறுநாள் அப்பளம், அதுக்கு மறுநாள் பஜ்ஜின்னு ஓட்டினா ஒவ்வொரு தடவை காயும்போதும் அதுல இருக்கிற வைட்டமின் ஈ தேஞ்சுக்கிட்டே வரும். கடைசில மிஞ்சுறது கெட்டுப்போன எண்ணெய் மட்டும்தான். சாயங்காலம் டீக்கடையில அந்தக் கறுத்த சட்டியில போடுற பஜ்ஜியைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, நானும் வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுறவதான்.

அடுத்தது கடலை. பாதாம் 28 கிராம், எண்ணிப் பாத்தா 23 பருப்பு வரும், அதுல 7 மி.கி. பக்கம் இருக்கு. அப்போ பத்து பாதாம்னா 3. காசு ஜாஸ்தின்னு தோணினா சூரியகாந்தி விதை வாங்குங்க, அதே 28 கிராமுக்கு அதுலயும் 7 மி.கி. தாண்டும், பாரிஸ் கார்னர் மொத்தக் கடைங்கள்ல பாதாமை விட எவ்ளோ சல்லிசு. வேர்க்கடலை ஒரு கைப்பிடிக்கு 2 மி.கி. சொச்சம். பீச்சுல மணல்ல வறுத்து பொட்டலம் கட்டித் தர்றானே அதுவே போதும். பாதாமை ஊற வச்சு தோல் உரிச்சுத்தான் சாப்பிடணுமான்னு கேக்குறாங்க, உங்க பல்லுக்கும் வயித்துக்கும் எது வசதியோ அப்படி சாப்பிடுங்க, வைட்டமின் ஈ பருப்புக்குள்ள இருக்கிற எண்ணெயிலதான் இருக்கு.

கடலை எந்த வகையா இருந்தாலும் நம்ம ஊரு புழுக்கத்துல வெளிய வச்சா சீக்கிரம் சிக்கு அடிச்சிடும். சிக்கு அடிச்சுதுன்னா என்ன அர்த்தம், உள்ள இருந்த வைட்டமின் ஈ சண்டை போட்டுத் தோத்துடுச்சுன்னு அர்த்தம். கால் கிலோ கால் கிலோவா வாங்குங்க, காத்துப்புகாத டப்பாவுல போட்டு ப்ரிட்ஜ்ல வைங்க. பூஞ்சை புடிச்ச கடலையை மட்டும் வறுத்தா சரியாயிடும்னு வறுக்காதீங்க, அந்த பூஞ்சை விஷம் வறுத்தாலும் போகாது, தூக்கிப் போட்டுடுங்க.

கீரைலயும் இருக்கு, வேக வச்ச பாலக் அரைக் கப்புல 2 மி.கி.க்குக் கொஞ்சம் கம்மி. மாம்பழம் 100 கிராமுக்கு 1 மி.கி.க்கும் கீழதான், ஆனா மே மாசத்துல யாரு 100 கிராமோட நிறுத்துறா. முட்டையில கொஞ்சம், மீன்ல கொஞ்சம். முக்கியமான விஷயம், இது கொழுப்புல கரையுற வைட்டமின், அதனால எண்ணெயே இல்லாம அவிச்ச கீரையை டயட்டுன்னு சாப்பிட்டா அதுல இருக்கிறது உடம்புல ஒழுங்கா ஏறாது. ஒரு ஸ்பூன் எண்ணெய்ல பூண்டு தாளிச்சுக் கொட்டுங்க, நம்ம பாட்டிங்க செஞ்ச மாதிரி.

ஒரு நாள் கணக்கு போட்டுப் பாருங்களேன். காலையில இட்லிக்கு வேர்க்கடலை சட்னி, மத்தியானம் சாம்பாரோட கீரைப் பொரியல், நாள் முழுக்க சேத்து ரெண்டு டேபிள் ஸ்பூன் எண்ணெய் (ஒண்ணு சன்பிளவர், ஒண்ணு கடலை), சாயங்காலம் பத்து பாதாம். கூட்டினா 13, 14 மி.கி.கிட்ட வந்துடுது. மாத்திரை இல்ல, ஸ்ட்ரிப் இல்ல.

இப்போ கேப்சூலுக்கு வருவோம். ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்க, டோகோபெரில் அசிடேட் 400 மி.கி.ன்னு போட்டிருக்கும், 200, 600ம் வருது. பெரும்பாலும் லேப்ல செஞ்ச வகை, இயற்கை வகைல பாதி அளவுக்குத்தான் வேலை செய்யும், அதனால 400ங்கிறது நெசத்துல 180 மி.கி. மாதிரி. அப்படிப் பாத்தாக்கூட அமெரிக்கக் கணக்குல ஒரு நாள் தேவைக்கு 12 மடங்கு. வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வர்ற டப்பாவுல ஐ.யூ.ன்னு (சர்வதேச அலகு) இருக்கும், அதுல டி-ஆல்பான்னு இருந்தா இயற்கை, ஒரு ஐ.யூ.வுக்கு 0.67 மி.கி., டிஎல்-ஆல்பான்னு இருந்தா லேப்ல செஞ்சது, ஒரு ஐ.யூ.க்கு 0.45. அந்த ஒரு எல் எழுத்து எவ்ளோ வித்தியாசம் பண்ணுது பாருங்க.

வைட்டமின்தானே, அதிகமானா யூரின்ல போயிடும்னு சொல்றவங்க ஜாஸ்தி. பி வகையும் சியும் தண்ணில கரையும், அதுங்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. ஈ கொழுப்புல தங்குறது. அதிக டோஸ்ல ரத்தம் உறையுறதைக் குறைச்சிடும். அதனால ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இதைத் தொடவே கூடாது. ஆபரேஷனோ, பல்லு பிடுங்குறதோ இருந்தா இதை சாப்பிடுறீங்கன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, இது ஒரு மருந்தான்னு நெனச்சு நிறைய பேரு சொல்றதில்ல.

இன்னொண்ணு, இதை சும்மா பயமுறுத்த சொல்லல. அமெரிக்காவுல 2001ல ஆரம்பிச்சு 35,000 ஆம்பளைங்களுக்கு மேல சேர்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, செலக்ட்னு பேரு, தினம் 400 ஐ.யூ. குடுத்தா ப்ராஸ்டேட் கேன்சர் குறையுமான்னு பாக்க. 2011ல வந்த ரிசல்ட்ல மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு அந்தக் கேன்சர் 17 சதவீதம் கூடியிருந்துச்சு. ஹார்ட் ப்ராப்ளம், சுகர் இருக்கிறவங்களுக்கு வருஷக்கணக்கா 400 ஐ.யூ. குடுத்த இன்னொரு ஆராய்ச்சி 2005ல வந்துச்சு, ஹார்ட் அட்டாக் குறையல, ஹார்ட் பெயிலியர்தான் கூடுச்சு. கீழ விழுந்த கடலையையே ஊதித் தின்ன ஊரு நம்மளது, சாப்பாட்டுல வர்றதுக்கு யாரும் பயப்பட வேணாம். பயம் எல்லாம் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல, யாரும் எழுதித் தராம முழுங்குற 400க்குத்தான்.

அப்போ யாருக்குத்தான் கேப்சூல்? கொழுப்பு செரிக்காத வியாதி இருக்கிறவங்க, பித்தநீர் ஒழுங்கா இறங்காதவங்க, சில பரம்பரைக் கோளாறு உள்ளவங்க, இவங்களுக்கு நெஜமாவே குறைபாடு வரும், நரம்பு பாதிக்கும், நடக்குறப்ப தள்ளாடும். சுகர் இல்லாம பேட்டி லிவர் முத்தினவங்களுக்கு 800 ஐ.யூ. குடுத்துப் பாத்ததுல 2010ல நல்ல பலன் தெரிஞ்சுது, லிவர் டாக்டருங்க பாத்து எழுதுவாங்க. வயசான காலத்துல வர்ற ஒரு விழித்திரை நோய் மோசமாகாம இருக்க ஜிங்க், வைட்டமின் சியோட சேத்து ஒரு காம்பினேஷன் கண் டாக்டருங்க தர்றாங்க. இதெல்லாம் சீட்டுல எழுதி வர்றது. சும்மா "பளபளப்பா இருக்கும்"னு முழுங்குறதுக்கு நான் ஓட்டு போட மாட்டேன்.

கவுன்டர்ல அடிக்கடி நடக்குற குழப்பம் ஒண்ணு இங்கேயே சொல்லிடறேன். மஞ்சளா, குண்டா இருக்குமே மீன் மாத்திரை, அது வைட்டமின் ஈ இல்ல, மீன் கல்லீரல் எண்ணெய், அதுல ஏவும் டியும் இருக்கும். கலர் மாத்தி சொல்லி வாங்கிட்டுப் போயிடுவாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க வைட்டமின் ஏ அதிகமா எடுத்தா குழந்தைக்கு ஆபத்து, அதனால பேரைப் படிச்சு வாங்குங்க. அப்புறம் சுத்த சைவம்னு இருக்கிறவங்களுக்கு, கேப்சூல் தோலு பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டுத் தோல், எலும்புல இருந்து வர்றது.

இப்போ மூஞ்சி. உங்களுக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு சொல்லவா, நீங்க சாப்பிடுற வைட்டமின் ஈ ஏற்கனவே உங்க மூஞ்சிக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. மதியம் ரெண்டு மணிக்கு மூக்கு மேல வழியுதே எண்ணெய், நீங்க டிஷ்யூ வச்சு வச்சுத் துடைக்கிறீங்களே, அது வழியாத்தான் அது தோலுக்கு மேல வருது. மூஞ்சில எண்ணெய்ச் சுரப்பி ஜாஸ்திங்கிறதால கையை விட மூஞ்சித் தோல்லதான் அது அதிகமா இருக்கு. வெயில் பட்டா அது கரைஞ்சு போகும், காத்துல இருக்கிற ஓசோன் பட்டாலும் குறையும். கத்திரி வெயில்ல ஸ்கூட்டியில சென்ட்ரல் போயிட்டு வந்தா என்ன மிஞ்சும்னு நீங்களே யோசிங்க. அதனால தோலுக்கு நீங்க செய்யக்கூடிய முதல் உதவி சன்ஸ்க்ரீன், இருக்கிறதைக் காப்பாத்திக்கிறது. வைட்டமின் ஈ எண்ணெய் சன்ஸ்க்ரீனுக்கு பதில் ஆகவே ஆகாது.

நானும் இந்தக் கூத்தெல்லாம் பண்ணவதான். இருபத்திரெண்டு வயசுல, அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னாடி, தினம் நைட்டு ஒரு முழு கேப்சூலைக் குத்தி மூஞ்சி பூரா பூசிட்டுப் படுத்தேன், மேல ஃபேன் மட்டும், ஏசி கெடையாது. நாலாம் நாளே நெத்தி முழுக்க சாமை அரிசி தூவின மாதிரி பொடிப்பொடியா வந்துடுச்சு, கன்னம் ரெண்டும் சிவந்து அரிக்குது. நலங்கு அன்னிக்கு மஞ்சள் பூச வந்த அத்தை "என்னடி இது, அம்மை போட்டிருக்கா"ன்னு சத்தமா கேட்டாங்க பாருங்க, அந்த அவமானம் இன்னும் மறக்கல. ரிசப்ஷன் போட்டோல எல்லாம் நான் ரெண்டாவது வரிசைல ஒளிஞ்சிருப்பேன்.

அப்படியும் தடவித்தான் பாப்பேன்னு சொன்னா, இப்படி செய்ங்க. மொத்தமா மூஞ்சில போடாம முதல்ல முழங்கை மடிப்புக்கு உள்பக்கம் ஒரு சொட்டு, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, ஏழுல இருந்து பத்து நாள் வரைக்கும் பாருங்க. ஒரே நாள்ல பாத்துட்டு ஓகேன்னு முடிவு பண்ணாதீங்க, அலர்ஜி சில சமயம் நாள் கழிச்சுத்தான் வரும். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தா அதோட விட்டுடுங்க, கேப்சூலை நிலைவாசல் தாண்டி உள்ள கொண்டு வராதீங்க. ஒண்ணும் ஆகலைன்னா வாரத்துக்கு ரெண்டு நைட்டு போதும். கேப்சூலைக் குத்துறதுக்கு தாலிச் சரட்டுல மாட்டியிருக்கிற ஊக்கை எடுக்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, வேர்வை, மஞ்சள், அழுக்கு எல்லாம் அதுல இருக்கும், ஸ்பிரிட் தொட்டுத் துடைச்ச கத்திரியால நுனியை வெட்டுங்க. மூஞ்சியைக் கழுவி லேசா ஈரம் இருக்கும்போதே, பட்டாணி அளவு மாய்ஸ்சரைசர்ல ரெண்டே ரெண்டு சொட்டு கலந்து கன்னம், கண்ணுக்கு வெளிப்பக்கம், கழுத்துன்னு வறண்ட இடத்துல மட்டும். நெத்தி, மூக்கு, தாடை பக்கம் வேணாம், அங்க ஏற்கனவே எண்ணெய் இருக்கு. மீதியைக் கால்ல தேய்ச்சிடுங்க, நாளைக்குன்னு கிண்ணத்துல வச்சிடாதீங்க. காலைல கழுவிட்டு சன்ஸ்க்ரீன்.

பரு இருக்கிறவங்க, எண்ணெய் வழியுற மூஞ்சிக்காரங்க, ஹெல்மெட் போட்டு நாள் முழுக்க வேர்க்குறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. இந்த எண்ணெய் கெட்டி, துவாரத்தை அடைச்சிடும். மார்கழில, ஏசி ரூம்லயே கெடக்குறவங்களுக்கு ஓரளவு பரவாயில்ல, சித்திரைல சென்னைல யாருக்குமே ஆகாது.

இதுல எலுமிச்சம்பழச் சாறு கலக்குறது தான் எனக்குக் கோவமே வர்றது. எலுமிச்சை பூசிட்டு வெயில்ல போனா தோலு வெந்து கறுத்துப் போகும், மாசக்கணக்குல அந்தக் கறுப்பு போகாது. செவப்பாகுறதுக்குன்னு தடவுறவங்களுக்கும் சேத்து சொல்றேன், வைட்டமின் ஈ யாரையும் செவப்பாக்காது, ஆக்க வேண்டிய அவசியமும் இல்ல. அப்படி சீக்கிரம் வெளுக்குதுன்னு யாராவது ஒரு ட்யூப் குடுத்தா அதுல ஸ்டீராய்டு இருக்கான்னு பின்பக்கம் பாருங்க.

தழும்புக்கு? இதைக் கேக்காத ஆளே இல்ல, சிசேரியன் தழும்பு, ஆக்ஸிடென்ட் தழும்பு. 1999ல மியாமியில ஆபரேஷன் பண்ண 15 பேருக்குத் தழும்புல ஒரு பாதிக்கு வெறும் களிம்பு, ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்புன்னு போட்டுப் பாத்தாங்க. 90 சதவீதம் பேருக்கு ஒண்ணும் ஆகல இல்லன்னா இன்னும் மோசமாச்சு, மூணுல ஒருத்தருக்குத் தோலே அலர்ஜி ஆச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா அதுக்கு எதிரா பெருசா எதுவும் வந்து நிக்கல. தழும்புக்கு சிலிக்கோன் ஜெல் கேளுங்க, விலை கூட, ஆனா அதுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு.

நெஜமாவே தோலுக்கு இது வேலை செய்யுறது வேற ரூபத்துல. 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் ஈ, கூட பெரூலிக் ஆசிட் அரை சதவீதம் சேர்ந்த சீரம், அமெரிக்காவுல ட்யூக் யூனிவர்சிட்டிக்காரங்க 2005ல சோதிச்சுக் காட்டினது, வெயில் பாதிப்புல இருந்து தோலை நல்லாவே காப்பாத்துச்சு. ஈ வெறும் 1 சதவீதம்தான் கவனிச்சீங்களா, கேப்சூலை அப்படியே கொட்டல. வாங்கும்போது லேபிள்ல டோகோபெரால்னு இருந்தா நல்லது, டோகோபெரில் அசிடேட்னு இருந்தா தோலு அதை மாத்தித்தான் உபயோகிக்கணும், முழுசா மாத்துறதும் இல்ல. கறுப்பு இல்ல ப்ரவுன் கலர் பாட்டில்ல இருக்கணும், திறந்தப்புறம் சீரம் டீ கலருக்கு மாறிடுச்சுன்னா அவ்ளோதான்.

கேப்சூலை எங்க தாராளமா போடலாம்னா குதிகால்ல. பித்தவெடிப்புக்கு நான் இதைத்தான் சொல்லித் தர்றேன்: வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் கால் வச்சு, கல்லால மெதுவா தேய்ச்சு, ஒத்தி எடுத்து, ஒரு கேப்சூலை ரெண்டு ஸ்பூன் வாஸ்லின்ல கலந்து தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுட்டுப் படுங்க. உண்மையச் சொன்னா முக்கா வேலை வாஸ்லினுது. தடவிட்டு மொசைக் தரைல பாத்ரூமுக்கு நடக்காதீங்க, வழுக்கிடும். சுகர் இருந்தா கல்லால தேய்க்குறது வேணாம், சுடுதண்ணியும் வேணாம், கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கும், வெடிப்புல சீழ் இருந்தா நேரா டாக்டர்.

முடிக்குத் தேங்காய் எண்ணெய்ல ஒண்ணு குத்தி ஊத்துறாங்க, ஊத்துங்க, பளபளன்னு இருக்கும், வளரும்னு நான் சொல்ல மாட்டேன். மலேசியாவுல 38 பேரை வச்சு 2010ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எட்டு மாசத்துல முடி கூடுச்சுன்னு, ஆனா அது டோகோட்ரையினால், அதுவும் முழுங்கினது. கொத்துக்கொத்தா கொட்டுதுன்னா முதல்ல ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்க, போரிங் தண்ணி மேலயே பழிய போட்டுட்டு இருக்காதீங்க.

ஒரு பாட்டி வந்து, ஆவி பிடிக்கிற தண்ணில இதை ஊத்தலாமாம்மான்னு கேட்டாங்க. வேணாம் பாட்டி, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போகவே கூடாது. 2019ல அமெரிக்காவுல வேப் (இ-சிகரெட்) இழுத்ததுல நுரையீரல் பாதிச்சு 2,800 பேரு போல ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க, 2020 பிப்ரவரிக்குள்ள 68 பேரு செத்தே போனாங்க, அதுக்கு முக்கியக் காரணமா சொன்னது அதுல கலந்திருந்த இதே வைட்டமின் ஈ அசிடேட்டைத்தான். தோல்ல போடுற பொருள், வாயில போடுற பொருள்னு ஒண்ணு இருந்தா அது மூச்சுல போகலாம்னு அர்த்தம் இல்ல.

வீட்டுல ஏற்கனவே பாதி ஸ்ட்ரிப் கெடக்குன்னா தேதியைப் பாருங்க. ஸ்ட்ரிப்பை வெயில் படாத, சூடு இல்லாத இடத்துல வைங்க, பூஜை ரூம் விளக்குப் பக்கத்துலயோ, டிவி மேலயோ வேணாம். மே மாசம் ஸ்கூட்டி டிக்கில மறந்து வச்சுட்டு வந்து "அக்கா மாத்திரை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, மாத்தித் தருவீங்களா"ன்னு கேக்காதீங்க, மாத்தித் தர மாட்டேன், நீங்களும் அதைக் காலுக்குக் கூட போடாதீங்க.